பெயரின் வால்: ஆங்கிலமும் ருமேனியமும் பெயரிலிருந்து பெயரடை செய்யும் விதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ருமேனிய மொழியைப் படிக்கத் தொடங்கியது வெறும் ஆசையில். இரண்டுக்கும் நடுவே அடிக்கடி இடறிய ஒரு சின்னக் கல் உண்டு. டார்வின் ‘டார்வினியன்’ ஆகிறார், பிளாட்டோ ‘பிளாட்டோனிக்’ ஆகிறார், காஃப்கா ‘காஃப்காயெஸ்க்’ ஆகிறார். யார் எதற்குப் போவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நண்பர்களும் உடன் படித்தவர்களும் கேட்ட கேள்விகளையும், நானே என்னைக் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் முடிந்த அளவு நெருக்கமாகத் தந்திருக்கிறேன். ருமேனியத்தின் இரண்டு உயிரொலிகளுக்கு நம்மிடம் எழுத்து இல்லை. ஆனால் அதில் ஒன்று நம் வாயில் இருக்கிறது. ‘காது’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசி உகரம் இதழ் குவியாமல் வருகிறதே, அந்தக் குற்றியலுகரத்துக்குப் பக்கத்து ஒலி அது. கீழே ‘ரோமுன்’ என்று எழுதும்போதெல்லாம் அந்த ‘மு’வை அப்படிப் படியுங்கள்.

ஆங்கிலத்தில் எந்தப் பெயருக்கு எந்த விகுதி என்று விதி உண்டா?

விதி கிடையாது, வழக்கம்தான் உண்டு. வழக்கத்துக்குள் ஓரளவு போக்கு தெரியும். எதுவும் தோன்றாவிட்டால் ‘-இயன்’ போட்டுவிடலாம்: டார்வினியன், ஃப்ராய்டியன், விக்டோரியன், டிக்கென்சியன். பழைய கிரேக்கப் பெயர்கள் ‘-இக்’ பக்கம் சாயும்: ஹோமெரிக், பிளாட்டோனிக், சாக்ரட்டிக். ஆனால் அரிஸ்டாட்டில் ‘அரிஸ்டாட்டிலியன்’ என்று எதிர் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். ‘ன்’ என்று முடியும் சிலருக்கும் ‘-இக்’ பிடிக்கும்: பைரானிக், மில்ட்டானிக், நெப்போலியானிக். அதே ‘ன்’னில் முடியும் நியூட்டன் மட்டும் ‘நியூட்டோனியன்’. காரணம் கேட்டால் ஆங்கிலேயர் தோளைக் குலுக்குவார்கள்.

சில பெயர்கள் லத்தீன் வேடம் போட்டுக்கொண்டு வரும். தெக்கார்த் என்ற பிரெஞ்சுக்காரர் லத்தீனில் எழுதும்போது கார்ட்டீசியஸ். அதனால்தான் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ‘கார்டீசியன் பெருக்கல்’. தெக்கார்த்துக்கும் கார்டீசியனுக்கும் சம்பந்தம் இருப்பதே எனக்குக் கல்லூரி முடித்த பிறகுதான் தெரியும். அதேபோல முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து நாடகம் ‘ஜாக்கபீயன்’. ஜேம்ஸுக்கு லத்தீனில் ஜாக்கோபஸ்.

இன்னொன்று, விகுதி ஒட்டினால் பெயரின் அழுத்தமும் இடம் மாறும். டார்வின் என்றால் முதல் அசையில் அழுத்தம். டார்வினியன் என்றால் ‘வி’யில். வானொலியில் தவறாக வாசிக்கப்படும் பெயரடைகளில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன என்பது என் காதின் கணக்கு.

‘நேருவியன்’ என்பதில் ‘வ்’ எங்கிருந்து வந்தது?

இது தமிழர்களுக்கு எளிது. நேரு + இயன்: இரண்டு உயிர் சந்திக்கும் இடத்தில் ‘வ்’ வந்து உட்காருகிறது. நம் இலக்கணத்தில் உடம்படுமெய். தமிழில் இதே சொல்லைச் செய்தாலும் ‘நேருவிய’ என்றுதான் வரும். பெரு என்ற நாடு ‘பெரூவியன்’ ஆனதும் இதே மாதிரி.

ஆனால் ஆங்கிலத்துக்கு நன்னூல் இல்லை. அவர்களுக்கு இந்த ‘வ்’ வந்த வழி இன்னொன்றும் உண்டு. லத்தீனில் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து கிடையாது. பெர்னார்ட் ஷாவின் பெயர் அந்த எழுத்தில் முடியும், லத்தீனாக்கினால் ‘ஷேவியஸ்’. அதிலிருந்து ‘ஷேவியன்’. ஹாரோ என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் பள்ளியின் மாணவர் ‘ஹாரோவியன்’. தோரோ என்ற அமெரிக்க எழுத்தாளர் பெயரில் அந்த எழுத்து இல்லை, ஆனாலும் ‘தோரோவியன்’ என்று அதே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜவாஹர்லால் நேரு படித்ததே ஹாரோ பள்ளியில்தான். நேருவியன் என்று அழைக்கப்படும் முன்பே அவர் ஒரு ஹாரோவியன்.

‘-இயன்’னுக்கும் ‘-எஸ்க்’குக்கும் என்ன வித்தியாசம்?

‘-இயன்’ என்றால் அவருடையது, அவரைச் சேர்ந்தது. ‘-எஸ்க்’ என்றால் அவர் கைவண்ணம் மாதிரி இருப்பது. காஃப்காவின் சட்டை காஃப்காயெஸ்க் ஆகாது. ஒரு சான்றிதழ் வாங்க இன்னொரு சான்றிதழ் கேட்டு, அதை வாங்கப் போனால் முதல் சான்றிதழைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினால், அது காஃப்காயெஸ்க். காஃப்காவை ஒரு வரிகூடப் படிக்காதவர்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதில் தப்பும் இல்லை, அனுபவம்தான் எல்லோருக்கும் இருக்கிறதே. சாப்ளினெஸ்க் என்றால் அந்த நடை, அந்தத் தடுமாற்றம். ஃபெல்லினியெஸ்க் என்றால் இத்தாலியத் திரைப்பட இயக்குநர் ஃபெல்லினியின் அந்த ஊர்வலக் களேபரம். கண்ணால் பார்க்கிற பாணி உள்ளவர்களுக்கு ‘-எஸ்க்’ நன்றாக ஒட்டும்.

ஆனால் ‘-இயன்’னும் சும்மா இருப்பதில்லை. ‘டிக்கென்சியன்’ என்றால் ஒருவருக்குப் பனி பெய்யும் கிறிஸ்துமஸ் விருந்து, இன்னொருவருக்குக் கரி படிந்த சேரியில் பசித்த சிறுவன். இரண்டும் அவர் எழுதியதே. இதைவிடக் கொடுமை ஆர்வெல்லுக்கு நடந்தது. வாழ்நாள் முழுக்க எதை எதிர்த்து எழுதினாரோ, அதற்கே இன்று ‘ஆர்வெல்லியன்’ என்று பெயர். ஆர்வெல் புனைபெயர், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஓடும் ஒரு ஆற்றின் பெயர். சொந்தப் பெயர் எரிக் பிளேர். சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தால் பிற்காலத்துப் பிரதமர் டோனி பிளேரின் ஆதரவாளர்களுக்கு வந்த ‘பிளேரைட்’ என்ற சொல்லோடு மோதி, பத்திரிகைக்காரர்கள் திண்டாடியிருப்பார்கள்.

‘-ஐட்’, ‘-இஸ்ட்’ என்றெல்லாம் வருகிறதே?

அவை ஆளுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தைக் குறிப்பவை. தாட்சரைட், பிளேரைட். ‘-ஐட்’டில் லேசான ஏளனம் ஒட்டிக்கொள்வதுண்டு. ட்ராட்ஸ்கியைப் பின்பற்றுகிறவர்கள் தங்களை ‘ட்ராட்ஸ்கியிஸ்ட்’ என்பார்கள். ‘ட்ராட்ஸ்கியைட்’ என்று சொன்னால் அது எதிரியின் வசவு. மார்க்ஸிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘மார்க்சியன்’ என்றால் மார்க்ஸின் ஆய்வு முறையைச் சேர்ந்தது, ‘மார்க்சிஸ்ட்’ என்றால் அந்த அரசியலை ஏற்றவர். தமிழில் இரண்டையும் ‘மார்க்சிய’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். பொருளாதாரக் கட்டுரை மொழிபெயர்க்கும்போது இங்கே கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

லிவர்பூல்காரர் ஏன் ‘லிவர்புட்லியன்’?

கிண்டல்தான். ‘பூல்’ என்றால் குளம். அதை ‘படில்’, அதாவது தெருக்குட்டை ஆக்கி, பின்னால் ‘-இயன்’ போட்டார்கள். கேலிப் பெயர் நிலைத்து மரியாதையான சொல்லாகிவிட்டது. மான்செஸ்டர்காரர் ‘மான்கூனியன்’, ஊரின் லத்தீன் பெயரிலிருந்து. ஆக்ஸ்ஃபோர்டு ‘ஆக்சோனியன்’, கேம்பிரிட்ஜ் ‘கேன்டபிரிஜியன்’, இரண்டும் லத்தீன் வழி. நியூகாசில் என்றால் புதுக்கோட்டை. அதை அப்படியே லத்தீனாக்கி ‘நோவோகாஸ்ட்ரியன்’ என்கிறார்கள். கிளாஸ்கோ ‘கிளாஸ்வீஜியன்’ ஆனது நார்வேயிலிருந்து வந்த ‘நார்வீஜியன்’ போன்ற சொற்களைப் பார்த்துப் போட்ட காப்பி.

இத்தனை திறமை இருந்தும் லண்டனுக்கு ஆங்கிலத்தில் புழக்கத்தில் ஒரு நல்ல பெயரடை இல்லை. லண்டன் பஸ், லண்டன் மழை என்று பெயரையே முன்னால் வைத்துவிடுகிறார்கள், நாம் மதுரை மல்லி என்பது போல. ருமேனியத்தில் இதற்குத் தயார்ச் சொல் இருக்கிறது: ‘லொந்தொனெஸ்’. நியூயார்க்குக்கும் உண்டு: ‘நியூயோர்கெஸ்’. அடுத்தவன் தலைநகரத்துக்கு அடுத்தவனே பெயரடை செய்து வைத்திருக்கிறான்.

‘ரோமானிய’, ‘ருமேனிய’ இரண்டும் ஒன்றா? ஒரு புத்தகத்தில் மாற்றி மாற்றி வருகிறதே.

ஒன்றல்ல, ஆனால் வேர் ஒன்று. ரோமானிய என்பது ரோம் நகரத்தையும் பேரரசையும் சேர்ந்தது. ருமேனிய என்பது புக்குரெஷ்தைத் தலைநகராகக் கொண்ட நாட்டைச் சேர்ந்தது. (நாம் புக்காரெஸ்ட் என்று எழுதும் ஊர்தான்.) அந்த நாட்டினரும் தங்கள் பெயரை ரோமிலிருந்துதான் எடுத்தார்கள். அவர்கள் மொழியில் ரோமானியர் ‘ரோமன்’, ருமேனியர் ‘ரோமுன்’. ஒரே ஒரு உயிரொலிதான் வித்தியாசம், அதுவும் முன்னால் சொன்ன குற்றியலுகர ஒலி. ஆங்கிலத்தில் நாட்டின் பெயரை முன்பு ரூமேனியா என்றும் எழுதுவார்கள், இப்போது ரோமேனியாவில் நிலைத்துவிட்டார்கள். தமிழ் மட்டும் பழைய ஒலியைப் பிடித்துக்கொண்டு ‘ருமேனியா’ என்கிறது. மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. குழப்பத்தைத் தவிர்க்க அந்த ‘ரு’ உதவுகிறது.

ஆங்கிலம் ரோம் என்ற ஒரே ஊரிலிருந்து எத்தனை பெயரடை செய்திருக்கிறது பாருங்கள். ரோமன் என்றால் ரோமைச் சேர்ந்தது. ரோமனெஸ்க் என்றால் இடைக்கால ஐரோப்பாவின் அரைவட்ட வளைவுக் கட்டடப் பாணி. ரொமான்ஸ் மொழிகள் என்றால் லத்தீனின் பிள்ளைகள். ரோமிஷ் என்றால் கத்தோலிக்கத்தைப் பிடிக்காதவர்கள் அதைப் பழிக்கும் சொல். ஊர் ஒன்று, வாலை மாற்றினால் கட்டடமாகவும் மொழியாகவும் வசவாகவும் ஆகிறது.

ருமேனியத்தில் முக்கியமான விகுதிகள் எவை?

நான்கைத் தெரிந்துகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம். ‘-எஸ்க்’, நாட்டு வழக்கில் ஊறிய விகுதி. ‘-இயன்’, பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த படித்தவர் விகுதி, எழுத்தாளர் பெயர்களோடு வருவது. ‘-யான்’, ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தது, ஊர், வட்டாரப் பெயர்களோடு வருவது. ‘-எஸ்’, நாட்டினங்களுக்கு. இவை போக ‘-இக்’, ‘-இஸ்ட்’ இரண்டும் ஆங்கிலத்தில் போலவே.

எல்லாப் பெயரடையும் பெயருக்குப் பின்னால்தான் பெரும்பாலும் வரும். பால், எண்ணுக்கு ஏற்ப முடிவும் மாறும். ஆண்பாலில் ‘ரோமுனெஸ்க்’, பெண்பாலில் ‘ரோமுனியாஸ்க’, பன்மையில் ‘ரோமுனெஷ்த்’. அப்புறம் ‘ரோமுனெஷ்தெ’ என்றால் வினையடை, ருமேனிய மொழியில் என்று பொருள். ‘வொர்பெஸ்க் ரோமுனெஷ்தெ’ என்றால் நான் ருமேனியம் பேசுகிறேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘வொர்பெஸ்க்’ என்பதன் கடைசியிலும் அதே ‘-எஸ்க்’ ஒலி. ஆனால் அது பேசுகிறேன் என்ற வினைச்சொல்லின் முடிவு, பெயரடைக்கும் அதற்கும் உறவில்லை. வொர்ப் என்று யாரோ ஒரு இனத்தார் இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் அகராதியில் அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

ருமேனியர் பெயர்கள் ‘-எஸ்கு’ என்று முடிகின்றனவே, அதுவும் இந்த விகுதியா?

அதேதான். ‘-எஸ்க்’ என்ற பெயரடை விகுதியோடு ‘-உ’. அந்த ‘-உ’, ருமேனியத்தில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் ‘-உல்’ என்ற சுட்டின் மிச்சம். ஆங்கிலத்தின் ‘தி’ முன்னால் வரும், இவர்களுக்குப் பின்னால். ‘பொப்ப’ என்றால் பாதிரியார். பொப்பெஸ்கு என்றால் பாதிரியார் வீட்டுப் பிள்ளை. இயோன் மகன் வழியில் வந்தவர் இயோனெஸ்கு.

இதைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க ஒரு நல்ல கதை இருக்கிறது. ருமேனியர்கள் தேசியக் கவி என்று கொண்டாடும் மிஹாய் எமினெஸ்கு 1850இல் பிறந்தபோது குடும்பப் பெயர் எமினோவிச். ‘-ஓவிச்’ ஸ்லாவிய வால். அதற்கும் இன்னாரின் மகன் என்றுதான் பொருள். 1866இல், பதினாறு வயதில், பெஸ்ட் நகரிலிருந்து (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) வந்துகொண்டிருந்த ‘ஃபமீலியா’ என்ற ருமேனிய இதழுக்குக் கவிதை அனுப்பினார். ஆசிரியர் யோசிஃப் வுல்கான் கவிதையைப் போட்டார். பெயரை மட்டும் தானாகவே எமினெஸ்கு என்று திருத்திப் போட்டார். அவருக்கு ஸ்லாவிய வால் உறுத்தியது. வெட்டிவிட்டு ருமேனிய வாலை ஒட்டினார். பையன் மறுப்பு சொல்லாமல் அதையே சாகும்வரை வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தக் கவியின் பெயரிலிருந்து பெயரடை வேண்டும். ஏற்கெனவே பெயருக்குள் ஒரு பெயரடை விகுதி இருக்கிறது. இன்னொரு ‘-எஸ்க்’ போட்டால் நாக்கு சுளுக்கும். எனவே கடைசி ‘-உ’வைக் கழற்றிவிட்டு ‘-இயன்’ போடுகிறார்கள். ‘இ’ வந்து ஒட்டும்போது இந்த ‘க்’ ‘ச்’ ஆகிவிடும். வருவது ‘எமினெஸ்ச்சியன்’. (‘இ’, ‘எ’ வந்தால் ‘க’ ‘ச’வாக மாறுவது நமக்கும் தெரிந்த விளையாட்டுதான். கன்னடர் ‘கிவி’ என்பதை நாம் ‘செவி’ என்கிறோம்.) ஆக அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விகுதி அடுக்கடுக்காக இருக்கின்றன: ஒன்று இதழாசிரியர் ஒட்டியது, இன்னொன்று விமர்சகர்கள் ஒட்டியது. எமின் என்ற மூலப்பெயர் அடியில் எங்கோ கிடக்கிறது.

‘-எஸ்கு’ ஆட்கள் எல்லோருக்கும் இதே வழியா?

கலை, இலக்கியக்காரர்களுக்கு ஆம். இசையமைப்பாளர் எனெஸ்கு ‘எனெஸ்ச்சியன்’, விமர்சகர் மயொரெஸ்கு ‘மயொரெஸ்ச்சியன்’. ‘-எஸ்கு’ இல்லாதவர்களும் ‘-இயன்’ தான்: கவி பக்கோவியா ‘பக்கோவியன்’, அர்கெசி ‘அர்கெசியன்’, சிற்பி பிருங்குஷ் ‘பிருங்குஷியன்’. நாவலாசிரியர் சதொவியானு ‘சதொவெனியன்’.

1965 முதல் 1989 வரை நாட்டை ஆண்ட சௌஷெஸ்குவுக்கு மட்டும் வேறு நடத்தை. ‘-எஸ்கு’ முழுவதையும் வெட்டிவிட்டு ‘சௌஷிஸ்ட்’ என்று ஆக்கிவிட்டார்கள். ‘எபொக சௌஷிஸ்த’ என்றால் அவர் ஆட்சிக்காலம். கவிக்கு ‘-இயன்’, சர்வாதிகாரிக்கு ‘-இஸ்ட்’. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்ததில்லை, மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

‘ரோமுன்’, ‘ரோமுனெஸ்க்’ இரண்டுமே ருமேனிய என்றுதானே பொருள்? எதை எங்கே போடுவது?

மக்கள், மொழி, அரசு, நிறுவனம் என்றால் ‘ரோமுன்’. அகாதெமி ‘அகதெமிய ரோமுன’, மொழி ‘லிம்ப ரோமுன’. சாப்பாடு, பழக்கவழக்கம், பாட்டு, சட்டையின் பூவேலை என்றால் ‘ரோமுனெஸ்க்’. வலாக்கியா என்று வரலாற்றில் படிக்கும் தெற்குப் பகுதியை அவர்கள் ‘ட்ஸார ரோமுனியாஸ்க’, ருமேனிய நாடு என்பார்கள். ஆங்கிலேயருக்கும் இப்படி ஜோடி உண்டு: மொழி ‘லிம்ப எங்கிலெஸ’, நகைச்சுவை என்றால் ‘எங்கிலெஸெஸ்க்’. முதலாவது அடையாள அட்டை, இரண்டாவது வீட்டு வாசனை. இப்படி நினைத்துக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வரும். மிச்சத்துக்கு யாராவது திருத்துவார்கள்.

‘-எஸ்க்’ இரண்டு மொழியிலும் இருக்கிறதே, ஒரே பொருளா?

ஒலி ஒன்று, வேலை வேறு. ஆங்கில ‘-எஸ்க்’ பிரெஞ்சு வழியாக இத்தாலியத்தின் ‘-எஸ்கோ’விலிருந்து வந்தது, அதற்கும் பின்னால் போனால் ஜெர்மானிய ‘-இஸ்க்’. ஆங்கிலத்தின் சொந்த ‘-இஷ்’, அதாவது இங்கிலிஷ், ஸ்பானிஷ் என்பதில் வருவது, அதே ஜெர்மானிய விகுதியின் வாரிசு. ஒரே ஆள் ஒரு முறை வாசல் வழியாகவும், இன்னொரு முறை இத்தாலி சுற்றிவிட்டுக் கொல்லைப்புறம் வழியாகவும் வந்த மாதிரி. ருமேனிய ‘-எஸ்க்’கின் மூலம் லத்தீன் ‘-இஸ்குஸ்’ஸா, அதற்கும் முந்திய பால்கன் மொழி எதுவுமா என்பதில் அறிஞர்களிடையே சண்டை உண்டு.

ஆங்கிலத்தில் ‘-எஸ்க்’ கொஞ்சம் அலங்காரமான சொல். ருமேனியத்தில் அது அன்றாடச் சோறு. அதனால் ருமேனியத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு விகுதியும் வரும்போது வாசனை மாறும். நாடக ஆசிரியர் கராஜியாலெ (1852–1912) அரசியல்வாதிகளின் வாய்ச்சவடாலைப் பிய்த்து உதறியவர். அவர் படைப்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் ‘கராஜியாலியன்’ வரும். டிவியில் இரண்டு பேர் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்காமல் தேசபக்தி முழங்கினால், பார்ப்பவர் சொல்வது ‘கராஜியாலெஸ்க்’. எல்லையை மீறிப் பயன்படுத்துவோரும் உண்டு, ஆனால் சாய்வு இப்படித்தான்.

ஒரே ஆள் இரண்டு மொழியிலும் ஒரே விகுதி எடுப்பாரா?

பல நேரம் எடுப்பார்: பிளாட்டோனிக், ஹோமெரிக், விக்டோரியன், ஃப்ராய்டியன் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. மாறும் இடங்கள்தான் மொழிபெயர்ப்பாளரைக் கவிழ்ப்பவை. நெப்போலியன் ஆங்கிலத்தில் ‘-இக்’, ருமேனியத்தில் ‘நப்பொலெயோனியன்’. பைரனும் அப்படியே. மாக்கியவெல்லி நேர் எதிர்: ஆங்கிலத்தில் ‘மாக்கியவெல்லியன்’, ருமேனியத்தில் ‘மக்கியவெலிக்’. தொன் கிஹோத்தே ஆங்கிலத்தில் ‘க்விக்ஸாட்டிக்’, ருமேனியத்தில் ‘தொன்கிஜொதெஸ்க்’. பிரெஞ்சுக் கதையில் வரும் ராட்சதன் கர்கன்ட்டுவா ஆங்கிலத்தில் ‘-அன்’, ருமேனியத்தில் ‘-எஸ்க்’. காஃப்கா ஆங்கிலத்தில் ‘-எஸ்க்’, ருமேனியத்தில் வெறும் ‘காஃப்கியன்’. அந்த ‘காஃப்கியன்’ அலுவலக அலைச்சலையும் சேர்த்தே சுமக்கிறது. ருமேனியக் கட்டுரையில் ‘காஃப்கியன்’ என்று பார்த்துவிட்டு, காஃப்காவைச் சேர்ந்தது என்று சாதுவாக மொழிபெயர்த்தேன் ஒருமுறை. வாக்கியம் செத்துப்போனது.

ருமேனிய ஊர்ப்பெயர்களில் உயிரெழுத்தே மாறிவிடுகிறதே?

ஆமாம், அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால். புக்குரெஷ்த் ‘புக்குரெஷ்தியான்’, கிளுஜ் ‘கிளுஜியான்’ என்பதில் சிக்கல் இல்லை. ஆனால் அராத், கலாட்ஸ் போன்ற ஊர்களில் அழுத்தம் விலகியதும் முழு ‘ஆ’ மங்கி, ஆங்கில ‘அபவுட்’டின் முதல் ஒலி மாதிரி ஆகிவிடும். யாஷ் நகரம் ‘யெஷியான்’ ஆகிறது. சிபியு ‘சிபியன்’. புஸௌ ‘புஸொயான்’, கண்டுபிடிப்பதே கஷ்டம். பக்கௌ ஊர்க்காரரைத் தமிழில் எழுதினால் ஏறத்தாழ ‘பகவான்’ என்று வருகிறது, ஜாக்கிரதை.

பெண் என்றால் இன்னொரு வால்: புக்குரெஷ்துக்காரி ‘புக்குரெஷ்தியாங்க’. இந்த ‘-யான்’னோடு ‘-உ’ சேர்ந்தால் குடும்பப் பெயர்: மல்தாவிய வட்டாரத்தார் மொல்தொவியானு, மலைநாட்டார் முந்தியானு. ருமேனியாவின் மிக உயரமான சிகரத்தின் பெயரும் மொல்தொவியானு, 2,544 மீட்டர்.

ஆங்கிலத்திலும் இப்படி உயிர் மாறியிருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. ஃபிராங்க் இனத்தார் பெயரிலிருந்து ‘ஃபிரெஞ்ச்’, வேல்ஸிலிருந்து ‘வெல்ஷ்’. பழைய ஆங்கிலத்தில் பின்னால் இருந்த ‘-இஸ்க்’கின் இகரம் முன்னாலிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. பிறகு விகுதி தேய்ந்து ஒட்டுமொத்தமும் ஒரே அசையாகிவிட்டது.

‘-ஈஸ்’ என்று முடிந்தால் அவமரியாதையா? சைனீஸ், ஜாப்பனீஸ்...

ஆசியர்களை மட்டும் மட்டம் தட்ட வைத்த விகுதி என்று அடிக்கடி பகிரப்படுகிறது. அது உண்மையில்லை. லத்தீன் ‘-என்சிஸ்’, அதன் இத்தாலிய வாரிசு ‘-ஏஸெ’. ஊர்க்காரர் என்று மட்டும் பொருள். போர்ச்சுகீஸ், மால்ட்டீஸ், மிலனீஸ், வியன்னீஸ் எல்லாம் ஐரோப்பியரே. ருமேனியத்தைப் பார்த்தால் சந்தேகமே தீர்ந்துவிடும். சீனர் ‘கினெஸ்’, ஆங்கிலேயர் ‘எங்கிலெஸ்’, பிரெஞ்சுக்காரர் ‘பிரன்சேஸ்’: மூவருக்கும் ஒரே வால்.

ஆங்கிலத்தில் பாகிஸ்தானி, இராக்கி, இஸ்ரேலி என்று வரும் ‘-இ’ மேற்காசிய, தெற்காசிய மொழிகளின் சொந்த விகுதி, அப்படியே எடுத்துக்கொண்டது. ருமேனியம் அதை எடுக்கவில்லை: ‘பாகிஸ்தனெஸ்’, ‘இராக்கியன்’, ‘இஸ்ரயெலியன்’. என் யூகம், ருமேனியத்தில் ‘-இ’ பன்மையின் அடையாளம். ஒரு ஆளைப் பார்த்துப் பலரா என்று கேட்க நேரும்.

பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெரிய எழுத்து. ருமேனியத்தில் பெயரடை என்றால் சின்ன எழுத்துதான், தேசியக் கவியாக இருந்தாலும். ஆங்கிலத்திலும் பெயர் நினைவிலிருந்து மங்கினால் எழுத்து சிறுத்துவிடும், நட்பாகவே நின்றுவிட்ட காதலைச் சொல்லும் ‘பிளாட்டோனிக்’ போல. கணிதத்தில் ‘அபீலியன்’ குலத்தைச் சின்ன எழுத்தில் எழுதுவதுண்டு. 26 வயதில் இறந்த நார்வேக்காரர் ஏபலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்பார்கள் கணக்குக்காரர்கள். பெயர் என்பதே மறந்து சொல்லாகிவிட்டாரே.

அப்படியானால் ராமானுஜனுக்கு ஏன் பெயரடை இல்லை?

கணித மேதைகள் காஸ் ‘காஸியன்’, ஆய்லர் ‘ஆய்லீரியன்’ ஆனார்கள். ராமானுஜனும் ராமனும் பெயராகவே நிற்கிறார்கள்: ராமானுஜன் கிராஃப், ராமன் விளைவு. முடிவிலேயே ‘-அன்’ இருப்பதால் இன்னொரு ‘-இயன்’ சுமையாகிறது என்பது என் கணிப்பு. ஆங்கிலத்தில் அமெரிக்கக் கவி விட்மன் போன்றவர்களுக்கு ‘விட்மனெஸ்க்’ என்று ‘-எஸ்க்’ எடுபடுவதும் இதனால் இருக்கலாம். ருமேனியர் இதற்கெல்லாம் அசருவதில்லை, தங்கள் நாட்டில் பிறந்த சிந்தனையாளர் சியோரானை ‘சியோரானியன்’ ஆக்கிவிட்டார்கள்.

நம்மைச் சேர்ந்த மிகப் பிரபலமான ‘-இயன்’ வேறொன்று: 1856இல் ராபர்ட் கால்டுவெல் தன் ஒப்பிலக்கண நூலின் தலைப்பில் வைத்த ‘டிராவிடியன்’. வடமொழியின் ‘திராவிட’வில் ஆங்கில வாலை ஒட்டியது.

தமிழில் எழுதும்போது என்ன செய்வது?

‘எமினெஸ்ச்சியன்’ என்று ஒலிபெயர்த்துவிட்டு ஓடக்கூடாது. கொள்கை, சிந்தனைப் பள்ளி என்றால் ‘-இய’ போதும்: காந்திய, மார்க்சிய, ஃப்ராய்டிய. அவருக்குச் சொந்தமானது என்றால் வேற்றுமை உருபு போதும்: எமினெஸ்குவின் கவிதை. அவர் மாதிரி என்றால் பாணி, சாயல், வாடை. ‘காஃப்காத்தனமான’ என்று ஒரு நண்பர் எழுதினார்; முதலில் முகம் சுளித்தேன், இப்போது நானே எழுதுகிறேன். ‘-த்தனம்’ அந்த எரிச்சலைச் சரியாகச் சுமக்கிறது. ‘ஷேக்ஸ்பியரியன் டிராமாவில்’ என்று எழுதுபவர்களை மட்டும் நான் மன்னிப்பதில்லை.

சரி, என் பெயருக்கு எது ஒட்டும்?

செல்வி என்றால் இரண்டு மொழியிலும் செல்வியன். அர்கெசி போன வழி. முருகன் என்றால் ஆங்கிலத்தில் முருகனெஸ்க் எடுபடும். பாலு என்றால்தான் பிரிகிறது. ஆங்கிலேயர் நேருவைப் பார்த்துப் ‘பாலுவியன்’ என்பார்கள். ருமேனியர் உங்கள் ‘உ’வைப் பார்த்ததும் தங்கள் ஊர்ச் சுட்டு என்று நினைத்துக் கழற்றிவிட்டு, ‘பாலியன்’ என்று, அதுவும் சின்ன எழுத்தில், எழுதிக் கையில் கொடுப்பார்கள்.